ஜேம்ஸ் ஊருக்குப் போன வாரம்

...அப்படியென்றால் அவருடைய லேத்து மெஷின் ஓடவே இல்லையா, கம்ப்யூட்டர் தப்பாகக் கோடு போட்டிருக்குமோ, அது என்ன செய்யும், சரக்கு வந்த தேதிகளை அடித்துக் கொடுத்தவள் நான்தானே... அம்பத்தூரில் ஏறிய ரயில் பட்டாபிராமில் பெருமூச்சு விட்டு நிற்கிறது, ஜன்னல் காற்றில் கண் சொருகுகிறது, மூடினால் அந்த இரண்டு கோடுகள், ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பி மாதிரி, ஒன்று புரண்டால் மற்றதும் புரள்கிறது. ஒன்று ஜேம்ஸின் ஷெட், மற்றது என் வீட்டுக்காரர் குணசேகரனின் ஷெட். எங்கள் கம்பெனிக்குப் பித்தளை புஷ், மெஷினுக்குள் மாட்டும் வளையம், கடைந்து தருகிறவர்கள் இந்த இருவர்தான். ஒருவர் காலை வாரினாலும் இன்னொருவர் இருப்பார், லைன் நிற்காது என்று மேனேஜர் ரகுநாதன் சார் ஆர்டரைப் பிரித்துக் கொடுத்தார், பெரிய சாமர்த்தியம்! ஜேம்ஸ் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போன வாரம் லைன் நின்றே போனது. "ஒருத்தர் லீவு போட்டா ரெண்டு பேர் சரக்கும் ஏம்மா வரல? யார் சரக்கு என்னிக்கு வந்துச்சு, அளவு எப்படி இருந்துச்சுன்னு படமா போட்டுப் பாரு லோகநாயகி" என்றார். போட்டேன். ஜேம்ஸ் தாமதித்தால் என் வீட்டுக்காரரும் தாமதம், ஜேம்ஸின் அளவு பிசகினால் இவருக்கும் அதே பிசகு.

ஜேம்ஸிடம் வாங்கித் தன் பெயரில் அனுப்புகிறார், வேறென்ன. அப்படியானால் லேத்து எங்கே, விற்றுவிட்டாரா, தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கேதான் போகிறார், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் கொக்கு எண்ணுகிறாரா... முழுப் பூசணிக்காயை மறைக்க நான் கட்டிக் கொடுத்த சோறுதானா கிடைத்தது? கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, கூடவே அவர் தனியாக உட்கார்ந்து அந்தச் சோற்றைப் பிசைவதும் தெரிகிறது, பாவமாக இருக்கிறது, பாவப்படுவதற்கும் கோபமாக இருக்கிறது. நாளைக் காலை படத்தை சாரிடம் காட்டியாக வேண்டும். காட்டினால் இவருடைய ஆர்டர் போய்விடும், மறைத்தால் என் வேலை போய்விடும்.

திருநின்றவூர். ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறார்.

"இன்னாமே, மூஞ்சி வாடிக் கீது?"

"ஷெட்டுல வேலை எப்படிங்க போவுது?"

"சோக்கா ஓடிக்கினு கீது. நீ ஏறு."

ஏறினேன், தோளைப் பிடித்துக்கொண்டேன், ஏரிப் பக்கத்துக் காற்று, தெருவெல்லாம் மிதக்கிறது, நானும் மிதக்கிறேன்... படத்திலிருந்து இவருடைய கோட்டை அழித்தால் கம்பெனிக்கு ஒரு புஷ்கூடக் குறையாது, நாளைக்கு அது சாருக்குத் தெரிந்துவிடும், ஆனால் இவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறதே, தெரிந்துகொண்டுதான் தினமும் காலையில் குளித்துத் தலைவாரிக் கிளம்பினாரா, கேட்க வாயெடுத்தேன், ஸ்கூட்டர் சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.