உள்ளறையில் நடந்தவர்

"தூக்குடா, இழுக்காத. தரையெல்லாம் கோடு விழுது" என்றார் மாஸ்டர்.

மகன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். டிரெட்மில் என்கிற நடை இயந்திரத்தின் பெரும்பகுதி உள்ளறையிலேயே கிடந்தது. கைப்பிடிகள் மட்டும் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நின்றன.

"அப்பா, இது வெளிய வராது. வாங்கினப்ப பாகம் பாகமா கொண்டாந்து உள்ள வச்சுதான் பூட்டினாங்க. கழட்டணும்னா ஸ்பேனர் வேணும், விஷயம் தெரிஞ்ச ஆளு வேணும்."

"ஆளா? இப்ப வாசல் நெறைய ஆளுங்க வரப்போறாங்க. அவங்களையே ஒரு கை பிடிக்கச் சொல்லலாமா?"

இருவரும் இயந்திரத்தை மறுபடி உள்ளே தள்ளினார்கள். மாஸ்டர் அலமாரியிலிருந்து பெரிய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினார். போர்த்திய பிறகு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு மெத்தைகளைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். பெண்கள் உட்காரும் அறையில் மெத்தைகள் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

முன்னறையில் மாஸ்டரின் தம்பி கிடத்தப்பட்டிருந்தார். மருத்துவர் வந்து பார்த்து, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளைத் துணி கழுத்துவரை போர்த்தியிருந்தது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும், தோல் உரிந்து சிவந்திருந்தது. விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்த பட்டை உரசிய இடம் அது. விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு ஒன்று உண்டு. சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டிய அது, கைப்பிடியிலேயே தொங்கிக் கிடந்தது.

மாஸ்டர் அந்தக் கன்னத்தைச் சிறிது நேரம் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தண்டவாளத்தில் நடந்த எதைக் கண்டும் கலங்காதவர், எந்த விபத்துக்கும் முதல் தகவலைத் தானே தெளிவாகச் சொல்லிப் பழகியவர். சமையலறை வாசலில் போய் நின்றார்.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், அம்மாவின் முதுகைத் தடவியபடி.

"இங்க பாரும்மா. யார் கேட்டாலும் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லு. தலையில அடி. அவ்வளவுதான். கன்னத்துல காயம் இருக்கு, அதனால சந்தேகம் வராது."

அவள் அவரைப் பார்க்கவில்லை. "ரேடியோவ நான்தான் மாமா சத்தமா வச்சேன்" என்றாள்.

"அதை விடு."

"நீங்க சொன்னபடிதான் வச்சேன். கூப்பிட்டிருப்பாரு. ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பாரு."

"அதை யார்கிட்டயும் சொல்லாத. காதுல விழுதா?"

மகள் தலையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். குரலை உயர்த்தாமலேயே வகுப்பை அடக்குபவள் என்று தம்பி பெருமையாகச் சொல்வார்.

"எனக்காகவா பெரியப்பா?"

"உனக்காகத்தான். மாப்பிள்ளையோட அப்பா, அந்த அச்சகக்காரர், இப்ப வருவாரு. நெஞ்சு நோவுள்ள வீட்டுல பொண்ணு எடுக்க எவன் வருவான்? உங்கப்பன் போயிட்டான். உன் காரியத்தை நான்தானே பாக்கணும்?"

அவள் மறுபடி அம்மாவின் முதுகைத் தடவத் தொடங்கினாள்.

தம்பிக்கு இதயத்தில் அடைப்பு எடுத்த விஷயம் வீட்டுக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டவர் மாஸ்டர்தான். தம்பியின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களிடம், அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லவைத்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மருத்துவர் தம்பியைக் காலையில் நடக்கச் சொன்னார். நடந்தால் நடந்ததோடு போகக் கூடாதா? கண்ணாடிக் கடைக்காரர் மூடிய கடைகளின் படிகளில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார் என்று மச்சான் முறையுள்ள ஒருவர் வந்து சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "பாவம், ரொம்பத் தளர்ந்துட்டாரு போலயே?" என்று முடித்தார். அந்தப் 'பாவம்' மாஸ்டரைத் தூங்கவிடவில்லை. அந்தக் குடும்பத்தைப் பார்த்து யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

நடை இயந்திரம் விற்கும் கடைக்குத் தானே தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். விற்பவன் இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டினான். "வெயில் இல்ல, மழை இல்ல, தெரு நாய் இல்ல சார். வீட்டுக்குள்ளயே நடக்கலாம்."

"தெரிஞ்சவன் தொல்லையும் இல்ல" என்று மாஸ்டர் சேர்த்துக்கொண்டார். விற்பவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

தம்பி பட்டைமேல் ஏறி நாலடி வைத்துப் பார்த்தார். "அண்ணா, கண்ணு வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் தூரமா பாருங்கன்னு சொல்றவன் நான். இதுல ஏறினா எனக்கு எதிர்ல சுவருதான் இருக்கும்."

"சுவத்த பாத்து நட. செத்தா போயிடுவ?"

தம்பி சிரித்துக்கொண்டே இறங்கினார். அண்ணன் சொல்லுக்கு அவர் மறுசொல் சொன்னதில்லை. வாசலை ஒட்டிய அறையில் வைக்கலாம் என்று அவர் மனைவி சொன்னதை மாஸ்டர் ஏற்கவில்லை. வந்து போகிறவர்கள் கண்ணில் படும். உள்ளறைதான், ஜன்னலும் கதவும் சாத்தித்தான். இரண்டாம் நாளே மாடியில் குடியிருக்கும் அம்மாள், "கீழ என்ன மாவு மில்லு வச்சிருக்கீங்களா, தொம்மு தொம்முன்னு கேக்குது?" என்றாள். அன்றுமுதல் அவர் நடக்கும் நேரத்தில் சமையலறை ரேடியோ முழுச் சத்தத்தில் பாடவேண்டும் என்று ஏற்பாடானது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாஸ்டர் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொன்னார். "குளியலறையில வழுக்கிட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு. ஒரு நோய் நொடி கிடையாது." கன்னத்தைப் பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "சோப்பு நுரை இருந்திருக்கும்" என்று ஒருவர் தானாகவே காரணம் எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் மறுக்கவில்லை.

அச்சகக்காரர் தனியாக வந்தார். விரல் நகங்களின் ஓரத்தில் மை படிந்த மனிதர். வந்தவர் யாரையும் பார்க்காமல் நேராகத் தம்பியின் பக்கத்தில் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார். காயம்படாத கன்னத்தில் புறங்கையை வைத்தார். அவ்வளவு உரிமையோடு அவர் தொட்டது மாஸ்டருக்கு வியப்பாக இருந்தது. இரு வீட்டாரும் கூடிப் பேசியது ஒரே ஒரு முறைதான்.

அவர் எழுந்ததும் மாஸ்டர் தோளைத் தொட்டுச் சன்னல் பக்கம் அழைத்துப் போனார். மகள் அப்பாவின் தலைமாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா சம்பந்தி, வழுக்கி விழுந்து ஒரு மனுசன் போவானா? குளியலறைதான் எமனா வந்துது."

அச்சகக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "வழுக்கியா விழுந்தாரு?"

"ஆமா. தலை சுவத்துல இடிச்சிடுச்சு. மத்தபடி ஆளு கல்லு மாதிரி. எங்க வம்சமே அப்படித்தான். நெஞ்சு, சர்க்கரை, ஒண்ணும் கிடையாது."

அச்சகக்காரர் கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்காமல், கையிலேயே மடித்து வைத்துக்கொண்டார்.

"சார், நானும் நெஞ்சுல வைத்தியம் பண்ணிக்கிட்டவன்தான். உங்க தம்பிக்கும் எனக்கும் ஒரே டாக்டர். காலையில ஒண்ணாதான் நடப்போம். அவருக்கு மூச்சு வாங்கினா நானும் உக்காந்துக்குவேன். எனக்கு வாங்கினா அவரு உக்காந்துக்குவாரு. தையக்கடைக்காரர் எங்க ரெண்டு பேருக்கும் வெளிய ஸ்டூல் போட்டு வைப்பாரு. தண்ணியும் குடுப்பாரு. 'ரெண்டு ரிப்பேர் வண்டியும் வந்தாச்சு'ம்பாரு."

மாஸ்டர் தலைமாட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மகள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் பேச்சே அந்த ஸ்டூல்லதான் சார் ஆரம்பிச்சுது. எல்லாத்தையும் சொல்லித்தான் கேட்டாரு. 'என் நெஞ்சு இப்படி, உங்க நெஞ்சும் இப்படி, பிள்ளைங்களாவது நல்லா இருக்கட்டும்'னு சொன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே." மாஸ்டரின் குரல் அவருக்கே எட்டாத அளவு தாழ்ந்திருந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, அவரு முறையா பேச்சை எடுக்கட்டும், அதுதான் மரியாதைன்னு சொன்னாரு. அப்புறம் திடீர்னு நடக்க வர்றத நிறுத்திட்டாரு. போன் பண்ணி என்ன ஆச்சுன்னு கேட்டேன். 'அண்ணன் ஆசையா மெஷின் வாங்கிக் குடுத்திருக்காரு. அதுல நடக்கலேன்னா மனசு சங்கடப்படுவாரு'ன்னாரு. நான்கூட வாயில வந்தத சொல்லிட்டேன். 'யோவ், தனியா நடக்காதய்யா, கூட ஆள் இல்லாம நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துடுச்சா?'ன்னு கேட்டேன்."

அவர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். உள்ளறையிலிருந்து பெண்களின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"குளியலறைன்னே இருக்கட்டும் சார்" என்றார் அச்சகக்காரர். "நீங்க சொன்னதையே நானும் சொல்றேன். வீட்டுலயும் அப்படியே சொல்லிடறேன்."

யாரோ மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். உடலைக் கொண்டுபோகும் வண்டி வந்துவிட்டது. ஓட்டுநரும் உதவியாளும் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்கள். தம்பியை அதில் மாற்றிக் கிடத்தினார்கள். தம்பி மனைவி சமையலறையிலிருந்து எழுந்து வந்து கணவனின் காலருகில் நின்றாள். அழவில்லை. துணியின் ஓரத்தை ஒரு முறை சரிசெய்தாள்.

"பிடிக்கிறவங்க வாங்க" என்றார் ஓட்டுநர்.

மாஸ்டரின் மகனும் அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேரும் குனிந்தார்கள். தலைப்பக்கத்து வலது முனை மூத்தவருடையது. அதை யாரும் சொல்லவேண்டியதில்லை, எல்லோரும் அந்த இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். மாஸ்டர் முன்னால் வந்து குனிந்தார்.

மகள் அவருக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் வந்து நின்றாள். வகுப்பில் பேசுகிற அதே குரல், தாழ்ந்தது, தெளிவானது.

"பெரியப்பா, நீங்க தள்ளிக்கோங்க."

பிறகு சன்னல் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க வந்து பிடிங்க. மெதுவா, மூச்சு வாங்கினா நிறுத்திக்கலாம்."

அச்சகக்காரர் தயங்கி மாஸ்டரைப் பார்த்தார். அறையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டர் முதுகை நேராக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அச்சகக்காரர் குனிந்து பிடித்தார். நால்வரும் ஒன்றாக மூச்சை இழுத்துத் தூக்கினார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டிப் படி இறங்கினார்கள். பெண்களும் பின்னாலேயே போனார்கள். மாஸ்டரின் வலது கை கனமான எதையோ பற்றத் தயாரானதுபோல் விரல்கள் மடங்கியபடியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.