ஹாலுக்கு நடுவே வாய்க்கால்

1983ஆம் வருடம் ஐப்பசியில், முதல் மழைக்குச் சற்று முன்பாக, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் சத்தியராஜின் வீடு தானாகவே ஒன்றேகால் அடி உயர்ந்தது. அதே வாரம் ஆவடி மார்க்கெட்டில் வெங்காயமும் ஏறியது. தெருவில் வெங்காயத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய சத்தியராஜின் மனைவி ஞானகுமாரி டீச்சர், வழக்கமான உயரத்தில் காலைத் தூக்கி வைத்தபோது முழங்கால் படியில் இடித்தது. அப்படித்தான் விஷயம் தெரிந்தது. சத்தியராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அந்த வீட்டின் பிளானை ஜன்னல் கம்பி வரைக்கும் தன் கையாலேயே வரைந்தவன். சாயங்காலம் வந்ததும் டேப்பை எடுத்து நான்கு மூலையிலும் அளந்து பார்த்தான். எழும்பியதுதான் எழும்பியது, மட்டம் தவறாமல் எழும்பியிருக்கிறது என்பதில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி. எதிர்வீட்டு எல்லம்மா எருமைக்குத் தவிடு கரைத்தபடி தலையை மட்டும் திருப்பி, "இன்னா சார், ஊடு எட்டிப் பாத்துகினு கீது?" என்று கேட்டாள். "அஸ்திவாரம் கொஞ்சம் செட் ஆவுதுங்க" என்று சமாளித்துவிட்டு, வாசலில் ஒரு கருங்கல்லைப் படியாகப் போட்டான்.

மறு வருடம் அந்தத் தெருவுக்கு ஜல்லி கொட்டி ரோடு போட்டார்கள். ரோடு சரியாக ஒன்றேகால் அடி உயரத்தில் வந்து, சத்தியராஜின் வாசற்படியோடு ஒட்டி நின்றது. மற்ற வீடுகளெல்லாம் ரோட்டுக்குக் கீழே போயின. அந்த ஐப்பசியில் தெருவில் எல்லோரும் பாத்திரத்தால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருக்க, ஞானகுமாரி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். அதன்பிறகு ரோட்டின் மேல் ரோடு போட வரும்போதெல்லாம், சில மாதம் முன்னதாகவே வீடு தன் உயரத்தைக் கூட்டிக்கொண்டது. வீடு அசைந்தால் ரோடு வரும் என்று தெருக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். தாங்களும் வாசலில் ஒரு வரிசைச் செங்கல் ஏற்றிக்கொண்டார்கள்.

வீட்டின் இந்தப் புத்தி உயரத்தோடு நிற்கவில்லை. 1986இல் வெளிச்சுவரோடு ஒட்டி, சைக்கிளுக்குப் பெரிதாகவும் காருக்குச் சிறிதாகவும் ஒரு மாடம் உருவானது. சத்தியராஜ் அதில் விறகு அடுக்கினான். இரண்டு வருடம் கழித்துத் தவணையில் மொபெட் வாங்கியபோது விறகை எடுத்துவிட்டு வண்டியை நிறுத்தினான், கண்ணாடிகூட இடிக்காமல் பொருந்தியது. படுக்கையறைச் சுவரில் மேல்மூலையில் ஒரு சதுர ஓட்டை விழுந்தது. அடைத்தான், மறுபடி விழுந்தது. அது எதற்கென்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை, குருவிகளுக்கு மட்டும் தெரிந்ததுபோல் குடிவந்துவிட்டன. மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாய் ஆலம் விழுது மாதிரி இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, கிணற்றடியில் மண்ணுக்குள் புகுந்தது. மாடியில் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் அதன் வழியே கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. 1993ஆம் வருடக் கோடையில் கரையான்சாவடி வரைக்கும் ஜனங்கள் பிளாஸ்டிக் குடத்தோடு லாரியைத் துரத்தியபோது, அந்தக் கிணற்றில் மட்டும் ஆளுயரத் தண்ணீர் கிடந்தது. தெருவே வந்து இறைத்துக்கொண்டு போனது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பூந்தமல்லியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஞானகுமாரி அவர்களுக்கு மோர் கொடுப்பாள்.

சத்தியராஜுக்கு மட்டும் மனதில் ஒரு குறை இருந்தது. அவன் வரைந்த பிளானில் மிஞ்சியிருந்தது ஹால் ஒன்றுதான். பதினெட்டுக்குப் பன்னிரண்டு, நடுவில் தூண் கிடையாது, சிவப்பு ஆக்ஸைடு தரை. ஆஃபீஸில் மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் உட்கார்ந்து வரைந்த ஹால் அது. மகள் பெனிட்டாவின் நிச்சயதார்த்தத்தை அங்கேதான் நடத்த வேண்டும் என்று, அவள் ஃபிராக் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே முடிவு செய்திருந்தான். 1996 தொடக்கத்தில் திருநின்றவூரிலிருந்து வரன் அமைந்தது. பையன் எட்மண்ட், ரயில்வேயில் வேலை, தினமும் எலக்ட்ரிக் டிரெயினில் போய் வருகிறவன். ஜூன் மாதம் தேதி குறித்தார்கள். தேதி குறித்த மறுவாரம் ஹால் இரண்டாகப் பிரிந்தது.

சத்தமில்லாமல்தான் பிரிந்தது. வாசல் பக்கத்திலிருந்து கொல்லைப் பக்கம் வரை, நடுவில் நாலடி அகலத்துக்குத் தரை இறங்கி, பின்பக்கம் சாய்ந்த ஒரு பள்ளம் உண்டாயிற்று. அது முன்பக்கம் ரோட்டுக்கு அடியில் எலிவளை போல நுழைந்து, எல்லம்மா வீட்டு முற்றத்தில் வாய் திறந்தது. அவள் அங்கே பேசினால் இங்கே ஹாலில் கேட்டது. இரண்டே நாளில் எல்லம்மா அதைப் பழகிக்கொண்டு, "டீச்சரம்மா, கறிவேப்பில கீதா?" என்று அதன் வழியே கேட்க ஆரம்பித்தாள். ஞானகுமாரி ஒரு கொத்தைக் கழியில் கட்டி உள்ளே தள்ளிவிடுவாள். சத்தியராஜ் ஒரு வாரம் வீட்டோடு பேசவில்லை. கொத்தனாரை வைத்துப் பள்ளத்தை மூடினான். காலையில் எழுந்து பார்த்தால், வைத்த செங்கல்லெல்லாம் வாசலில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"நான் போட்ட கோடு ஒண்ணுகூட இதுக்குப் புடிக்கலயா குமாரி?" என்று கேட்டான்.

"புடிக்காமலா இத்தன வருஷம் நம்மள உள்ள வெச்சிருக்கு?" என்றாள் ஞானகுமாரி. "நீங்க இன்னிக்கி இருக்குற ஊருக்கு வரைஞ்சீங்க. இது வேற ஏதோ பாக்குது. பள்ளத்துல ஜமக்காளம் விரிக்க வேணாம், அவ்ளோதான். ரெண்டு பக்கமும் விரிச்சிக்கலாம்."

வீட்டின் கொல்லைக்கு அந்தப் பக்கம் பரந்தாமனின் மனை நிலம். பரந்தாமன் எல்லம்மாவின் கொழுந்தன். அவளுடைய கணவன் இறந்தபிறகு குடும்பத்து நஞ்சை முழுவதையும் சமன்படுத்தி, கல் நட்டு, 'நகர்' என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். ஊர் ஏரியின் உபரித் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிற பழைய வாய்க்கால் ஒன்று அந்த நிலத்தின் நடுவே ஓடியது. அதையும் தூர்த்து, கொல்லையை ஒட்டி மதில் எழுப்பிவிட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வராத வருடங்களில் வாய்க்கால் வெறும் பள்ளம்தான், தூர்த்துவிட்டால் அதையும் மனையாகத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தான். ஆனால் சத்தியராஜ் வீட்டுப் பள்ளம் நேராக வந்து தன் மதிலில் முட்டி நிற்பதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை. "சார், இத்த எப்டியாச்சும் மூடிடுங்க. பாக்குறவன் இன்னா நெனப்பான்? மறுவாரம் ரெஜிஸ்டர் பண்ண ஆள் வருது" என்று இரண்டு தடவை வந்து கெஞ்சிவிட்டுப் போனான். மூடிப் பார்த்தாயிற்று என்று சத்தியராஜ் செங்கல் அடுக்கைக் காட்டினான்.

ஜூன் மாதத்தில் சென்னையில் அப்படி மழை பெய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் பிடித்தது, விடவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைப் பாலிதீன் பைக்குள் மூடி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார்கள். பள்ளத்துக்கு வலப்பக்கம் அவர்களும், இடப்பக்கம் பெண் வீட்டாரும் உட்கார்ந்தார்கள். பரந்தாமனும் வந்திருந்தான், பெண் வீட்டுப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டு ஜெபத்தை ஆரம்பித்த நேரத்தில், ரோட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மெதுவாக, வழி தெரிந்த ஆள் போல வந்து, ஹாலின் நடுவே நடந்து, கொல்லையைக் கடந்து, பரந்தாமனின் மதிலில் முட்டி நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா சகாயம்மாள் முதலில் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு காலை மேலே இழுத்துக்கொண்டாள். ஜமக்காளத்தின் ஓரம் நனைந்ததும் எழுந்துவிட்டாள். "எட்மண்டு, இது சகுனமா என்னான்னு எனக்குத் தெரியல. இன்னொரு நாள் பாத்துக்கலாம், கிளம்பு" என்றாள். எட்மண்ட் எழுந்திருக்கவில்லை. எதிர்க்கரையில் பெனிட்டா அவனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியராஜ் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தான். தான் வரைந்த ஹாலில் தன் மகளின் நல்ல காரியம் கெடப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது வளை வழியாக எல்லம்மாவின் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு சொம்பு. பின்னால் முறம், அரிசி அளக்கிற படி, ஒற்றைச் செருப்பு. ஞானகுமாரி குனிந்து, வளையின் வாயில், "எல்லம்மா, எங்க இருக்க?" என்று குரல் கொடுத்தாள்.

"கட்டில் மேல கீறேன் டீச்சரம்மா" என்று குரல் வந்தது. "கட்டிலும் இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பிடும். எருமைய அவுத்து உட்டுட்டேன். நீங்க விசேசத்தப் பாருங்க."

அடுத்து வந்தது கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். மல்லாந்தபடி, நெற்றிப் பொட்டு கலையாமல், மிதந்து வந்து சரியாகப் பரந்தாமன் உட்கார்ந்திருந்த இடத்தில் கரை ஒதுங்கியது. அவனுடைய அண்ணனின் படம். பரந்தாமன் அதைக் கையில் எடுத்தான். வேட்டி நுனியால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"அண்ணி" என்று வளையைப் பார்த்துக் கூப்பிட்டான். "தண்ணி இன்னா மட்டம்?"

"இடுப்பளவு. நீ எதுக்கு கேக்குற பரந்தாமா? செவுரு உன்னுதுதான?"

பரந்தாமன் படத்தை ஞானகுமாரியிடம் கொடுத்தான். "நாளைக்கி ரெஜிஸ்டருக்கு வர்றவன் பாப்பான்" என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு, "பாக்கட்டும்" என்றான். கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, தன் மதிலைத் தானே இடித்தான். சத்தியராஜ் புது வேட்டியோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். மாப்பிள்ளையும் போனான். அம்மா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

மதில் விழுந்ததும் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. பழைய வாய்க்கால் போன தடத்தை அப்படியே கண்டுபிடித்து, வழியில் இருந்த மனைக் கற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு, அடுத்த ஏரியைப் பார்க்க ஓடியது. ஹாலில் மட்டம் இறங்கி, பள்ளத்துக்குள் ஒழுங்காக, சலசலவென்று போயிற்று. எல்லம்மா ஈரப் புடவையோடு வந்து சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். சகாயம்மாள் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்த மகனைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். "ஆத்தங்கரைல நிச்சயம் பண்றதா நெனச்சுக்கிறேன் சம்பந்தி" என்றாள். ஃபாதர் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். புடவை, பழம், வெற்றிலைத் தட்டுகளை ஓர் அலுமினிய அன்னக்கூடையில் வைத்துக் கரைக்குக் கரை மிதக்கவிட்டு மாற்றிக்கொண்டார்கள். ஒரு வாழைப்பழம்கூட நனையவில்லை. அன்று அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அதற்குமேல் தண்ணீர் ஏறவில்லை.

ரெஜிஸ்டருக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பரந்தாமனின் முகம் கொஞ்ச காலம் சுண்டிப்போய்தான் இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியராஜிடம் வந்து, வாய்க்காலை நடுவில் விட்டு லேஅவுட்டைப் புதிதாக வரைந்து தரச் சொன்னான். சத்தியராஜ் இரு கரையிலும் புங்க மரத்துக்கு இடம் விட்டு, வீடுகளை வடக்குத் தெற்காகத் திருப்பி வரைந்தான். வரைவதற்கு முன்னால் தன் வீட்டை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துக்கொண்டான். அந்த மனைகள் இரண்டு வருடத்தில் தீர்ந்தன. பிறகு அவனைத் தேடிக் கோவில்பதாகைக்கு அடிக்கடி ஆள் வந்தது. அவன் போடும் பிளானிலெல்லாம் தண்ணீர் போக ஒரு வழி இருக்கும். வேண்டாம் என்கிறவர்களுக்கு அவன் வரைவதில்லை. ஹாலை ஒன்றாக்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டான். கோடையில் பள்ளத்தின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் ஈஸிசேரில் படுத்தால் கீழேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

1999ஆம் வருடம் பங்குனியில் மொட்டை மாடியில் ஒரு மேடை முளைத்தது. ஆறடி நீளம், தெற்குப் பார்த்த லேசான சாய்வு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. காலையில் அதன்மேல் விழுகிற வெயில் சாயங்காலம்வரை அதைவிட்டு நகரவில்லை. எல்லம்மா மேலே ஏறி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு டீச்சரம்மா?"

"தெரியல. வெயிலுக்கு ஏதோ வேல வெச்சிருக்கு."

"எப்ப தெரியுமாம்?"

"தெரியும்போது தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு ஞானகுமாரி அதன்மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து, வெங்காய வடகம் கிள்ளி வைத்தாள். பாதி மேடை காலியாக இருந்ததால், எல்லம்மா கீழே போய் மிளகாயைக் கொண்டுவந்து பரப்பினாள். அந்த வருடம் இரண்டு வீட்டிலும் வடகமும் மிளகாயும் மிக நன்றாகக் காய்ந்தன.