டீத்தண்ணி லென்ஸ்

ரசாக் பாய் ஜன்னல் திரையை விலக்கியதும் ஞாயிற்றுக்கிழமை வெயில் மேஜைமேல் வந்து விழுந்தது. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். டியூப்லைட்டில் கலர் தப்பும் என்பதால் பிரிண்டுகளைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்போம். நான்கு வருஷமாக, மாதக் கடைசி ஞாயிறு பத்தரை மணிக்கு, காந்திபுரத்தில் ரசாக் பாயின் ஸ்டூடியோ மாடியில் இதுதான் பழக்கம். கீழே டவுன்பஸ் ஹாரன் ஓயாது. மேலே நாங்கள் நான்கு பேர், ஒரு தட்டு மிக்சர், நாற்பது ஐம்பது போட்டோ. அன்றைக்கு வரை அந்த வெயிலைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை.

நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன். ரசாக் பாய் ஸ்டூடியோக்காரர். சென்னகிருஷ்ணன் சார் காலேஜ் பௌதிக லேபில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். சசிதர், பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் மில்லில் பெர்சனல் மேனேஜர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் பாலகோபால், அதே மில்லில் வேஸ்ட் பஞ்சு குடோன் கிளார்க். மில்லில் சசிதர் அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. இங்கே வந்தால் ஒரே தட்டில் கை விட்டு மிக்சர் தின்போம். அப்போது தொண்ணூற்றாறாம் வருஷம் முடியப்போகிற நேரம், ஊர் உலகமெல்லாம் தானாக ஃபோக்கஸ் செய்துகொள்ளும் கேமராவுக்குப் போயாயிற்று. நாங்கள் மட்டும் பழைய லென்ஸ்களைத் தேடிப் பிடித்து, வளையத்தைக் கையால் திருகித் திருகி, யாராவது கண்ணிமைப்பதற்குள் படம் எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி ராமாமணி, "நாலு பேருக்குமே கழண்டுபோச்சு" என்பாள். தப்பில்லை.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. எடுத்தவர் படத்தை மேஜையில் வைப்பார். மற்றவர்கள் அது எந்த லென்ஸில் எடுத்தது என்று சொல்ல வேண்டும். எதிரே கூர்மையாக இருக்கும் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பின்னால் மங்கிக் கரைந்து கிடக்கிறதே, மரமும் சுவரும் விளக்கும், அது ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒவ்வொரு விதமாகக் கரையும். அதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவுவோம். ஒரு கல்யாணப்பெண் படத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் பெண் எப்படி இருந்தாள் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பொதுவாக ஒரு லென்ஸும் வைத்திருந்தோம். சென்னகிருஷ்ணன் சார் அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஜப்பான் லென்ஸ். மாதம் ஒருவர் கையில் இருக்கும். வயசாக ஆக அதன் கண்ணாடி பழுத்து, எந்தப் படமும் டீத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி வரும். பெயரே டீத்தண்ணி என்று ஆகிவிட்டது. சார்தான் ஒருநாள் சொன்னார், இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டு நல்ல வெயிலில் ஒரு வாரம் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று. யாரும் மெனக்கெடவில்லை. டிசம்பர் என் முறை. அடுத்தது சசிதர். மேனேஜர் கையில் பளிங்கு மாதிரி கொடுத்து வாயைப் பிளக்க வைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு திமிர்.

வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். குடோனில் தெற்கு ஜன்னல் இருக்கிறது. மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து நேராக உள்ளே வரும். ஆறு நாள் அந்த ஜன்னல் திட்டில், கம்பிகளுக்கு நடுவே, டீத்தண்ணியை வெயில் பார்க்க வைத்தேன். வியாழக்கிழமை காலை லோடுமேன்கள் வேஸ்ட் பஞ்சு மூட்டைகளை ஜன்னல் மட்டத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார்கள். ஒரு மூட்டை வாய் பிரிந்து பஞ்சு லென்ஸுக்கு நாலு விரற்கடைக்குப் பின்னால் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வந்து நகர்த்திக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பும்போது புகை. வாட்ச்மேன் சுப்பண்ணன் மணல் வாளியோடு எனக்கு முன்னால் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓடினேன். ஓடி எதை எடுத்தேன்? லென்ஸை. எரிகிற மூட்டையைத் தொடவில்லை. லென்ஸைக் கர்சீப்பில் சுற்றிப் பையில் போட்டேன். சுப்பண்ணன் பற்றியெரியும் மூட்டையைக் கையாலேயே பிடித்து வெளியே இழுத்தபடி கத்தினார், "சார், நீங்க வெளிய போங்க! கண்ணுல புகை போயிருமுங்க!"

எட்டு மூட்டையோடு தீ அடங்கியது. சுப்பண்ணனுக்கு இரண்டு முன்கையும் வெந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே சசிதர் ஒரு பீடித்துண்டைக் கண்டெடுத்தார். பீடிக்காக ஏற்கெனவே இரண்டு தடவை எழுத்துமூலம் எச்சரிக்கை வாங்கியவர் சுப்பண்ணன். கட்டுப் போட்ட கையோடு அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. வேலை போகும், மேலே போலீஸ் கேஸும் உண்டு என்று பேச்சு. வெள்ளிக்கிழமை சசிதர் என்னைக் கூப்பிட்டு, "ஐப்பசில அவரு குடோன் பக்கம் பீடி குடிச்சதை நீங்க பாத்தீங்கல்லங்க? அதை மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார். பார்த்தது உண்மைதான். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பொய் எழுதவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மானங்கெட்ட தேறுதல். அந்தத் தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது, திங்கட்கிழமை காலை கொடுப்பதற்காக.

சனிக்கிழமை சாயங்காலம் சுப்பண்ணன் மனைவி சாந்தாமணி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஏனுங்க சார், சாமி மாலை போட்டு நாப்பது நாளாச்சுங்க. பீடிக்கட்டை ஓட்டுச் சந்துல சொருகிவெச்சுபோட்டு, மலைக்குப் போயிட்டு வந்துதான் தொடுவேன்னாருங்க. கட்டு இன்னும் அங்கயேதானுங்க இருக்குது. நீங்க வந்து ஒருக்கா பாருங்க. பாத்துட்டு பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"பாக்கலாமுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் போன பிறகு ராமாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்தப் பாக்கற, சோத்தப் போடு" என்று எரிந்து விழுந்தேன். சோறு இறங்கவில்லை. லென்ஸில்தான் பற்றியது என்று யார் கண்டது? யாரோ லாரிக்காரன் பீடியாகவும் இருக்கலாமே? மூன்று நாளாக இதையேதான் உருட்டிக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதை மட்டும் செய்யவில்லை.

ஞாயிறு காலை மாடியில் முதலில் சென்னகிருஷ்ணன் சார் படங்கள் முடிந்தன. சசிதர் சிறுவாணியில் எடுத்த பட்டாம்பூச்சிகள் முடிந்தன. நான் ஒன்றும் கொண்டுவரவில்லை என்றதும், "டீத்தண்ணில எடுக்கவே இல்லீங்களா?" என்று சசிதர் சிரித்தார். பிறகு ரசாக் பாய் ஒரே ஒரு பெரிய பிரிண்டை எடுத்துவைத்தார்.

சுப்பண்ணன். கறுப்பு வேட்டி, துளசிமணி மாலை, நாற்பது நாள் தாடி. இமையில் ஒவ்வொரு ரோமத்தையும் எண்ணலாம் போல அத்தனை துல்லியம். சிரிப்பு வாயில் இல்லை, கண்ணில் இருந்தது.

நான் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வியாழக்கெழம உங்க மில்லுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வந்தனில்ல," என்றார் ரசாக் பாய். "பதினொன்னேகால் இருக்கும். ரோல்ல ஒன்னு மிச்சம் இருந்துச்சு. நில்லுங்க சாமின்னேன், நின்னாரு. அப்பறம் நான் கெளம்பிட்டேன். நெருப்புப் புடிச்சதே எனக்குச் சாயங்காலம்தான் தெரியும்."

சுப்பண்ணனுக்குப் பின்னால் ஒரு மரமும் குடோன் சுவரும் சுழன்று கரைந்து கிடந்தன. நீலமாக ஒரு கட்டம்: ஜன்னல். கட்டத்தின் கீழ் ஓரத்தில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு.

"பின்னால இப்படிச் சுத்தறதுன்னா ரஷ்யன் லென்ஸ்தானுங்க," என்று சொல்லிக்கொண்டே சென்னகிருஷ்ணன் சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். மரத்திலிருந்து தொடங்கினார். மரம், சுவர், சுவரின் விரிசல். அவருடைய கை எவ்வளவு நிதானம்! லேபில் பையன்களுக்கு வெர்னியர் அளவுகோல் காட்டிய கை. அது விரிசலோடு நகர்ந்து ஜன்னலுக்கு வந்து நின்றது.

"இதென்னங்க பொட்டு?"

சசிதரும் குனிந்தார். அவர் தலைமுடியில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது.

"ஜன்னல்ல கண்ணாடி கிடையாதே. வெறும் கம்பிதான்," என்றார் சசிதர்.

"ஏதோ பளபளன்னு இருக்கு. வடிவத்தைப் பாருங்க. சுத்தமா வட்டம்." சார் படத்தை வெயிலில் சாய்த்தார். "நம்ம டீத்தண்ணி மூஞ்சி மாதிரி."

என் காதில் பஸ் ஹாரன்கூட விழவில்லை. சசிதர் நிமிர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைத்தேன். மிக்சர் தட்டு என் பக்கம் இருந்தது. அதற்குத்தான் கையை நீட்டினார். "உங்களுக்கு எங்க பாத்தாலும் டீத்தண்ணிதானுங்க சார்," என்று ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

தலை தப்பியது என்று மூச்சு விட்டேன். இந்த மாதத்துப் படம் இதுதான் என்று மூவரும் ஒருமனதாகச் சொல்லி, சுப்பண்ணனை மேஜை நடுவில், லென்ஸ் துடைக்கும் பஞ்சு டப்பாவில் சாய்த்து நிறுத்தினார்கள்.

"பாவம்," என்றார் சசிதர். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். "மில்லுல அவரோட கடைசிப் படம். நானும் என்ன பண்றதுங்க? மாலையப் போட்டுட்டுப் பீடி குடிக்கறாரு. சாமிக்கே பயப்படாதவரை நம்பி எப்படிக் கேட்டுல நிறுத்தறது?"

"ஒரு காப்பி தர்றேன்னு சொல்லியிருந்தேன்," என்றார் ரசாக் பாய். "அந்தப் பக்கம் போறவர் பாலகோபால்தானே. அவரே குடுத்துரட்டும்."

உறையில் போட்ட சின்னப் பிரிண்டை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே இருந்த தாள் மடங்கிக் கசங்கியது.

"சரி, டீத்தண்ணிய எடுங்க. இனி என் முறை," என்றார் சசிதர்.

கர்சீப் முடிச்சை அவிழ்த்தேன். இன்னும் புகை நாற்றம். சசிதர் லென்ஸை ஜன்னலுக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்! சார், இங்க வாங்க! மஞ்சளே இல்லீங்க! தண்ணி மாதிரி இருக்குதுங்க!" சின்னப் பையன் மாதிரி குதித்தார். "எப்படிங்க பாலகோபால்? என்ன பண்ணுனீங்க?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏங்கியது இந்த நிமிஷத்துக்குத்தான். கல்கத்தாவிலிருந்து ஒரு ஆசிட் வரவழைத்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அந்தப் பொய் வாய் வரை வந்துவிட்டது. மேஜையில் சுப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். சிறிய தவறு செய்த பையனைப் பார்ப்பதுபோல் எல்லாம் அவர் பார்க்கவில்லை. கேமராக்காரர் நில்லுங்கள் என்றார், நின்றார், அவ்வளவுதான். அந்தக் கண்ணுக்குக் கீழே, படத்தில், கை இரண்டும் தீக்காயம் இல்லாமல் நன்றாக இருந்தன.

"வெயில்ல வெச்சனுங்க," என்றேன்.

"எந்த வெயில்ல? உங்க ஊட்டுல வெயிலே வராதுன்னு சொல்லுவீங்களே?"

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "காட்டறனுங்க," என்று எழுந்தேன். மிக்சரைக் காகிதத்தில் கொட்டிவிட்டு எவர்சில்வர் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தேன். ஸ்டூடியோவில் துடைப்பதற்கு மில்லிலிருந்து பஞ்சு கொண்டுவந்து தருவது நான்தான். அதே குடோன், அதே பழுப்பு வேஸ்ட் பஞ்சு. டப்பாவிலிருந்து ஒரு பிடி பிய்த்துத் தட்டில் போட்டேன். சசிதர் கையிலிருந்து லென்ஸை வாங்கி, வெயிலுக்கு முகம் காட்டிப் பஞ்சின் மேலே பிடித்தேன்.

முதலில் எட்டணா அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். கையை மெல்ல இறக்கினேன். வட்டம் சுருங்கியது. மிளகு அளவு. கடுகு அளவு. அந்தப் புள்ளியைப் பஞ்சின் நடுவே நிறுத்தினேன். கடவுளே, பற்றக்கூடாது. பற்றாமல் போனால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும். நாளைக் காலை நிம்மதியாகத் தாளைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். முட்டாள்தனமாக எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

"பாலகோபால், என்ன பண்றீங்க?" என்றார் ரசாக் பாய்.

பதினான்கில் பஞ்சு நடுவே கறுப்பாக ஒரு துளை விழுந்தது. நூல் கனத்துக்குப் புகை எழுந்தது.

சென்னகிருஷ்ணன் சாருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். சசிதர் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் திரும்பி, மேஜையிலிருந்த படத்தைக் கையில் எடுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, சுப்பண்ணன் முகத்தைத் தாண்டி, பின்னால் கரைந்து கிடந்த அந்த ஜன்னலின் மேல் வைத்துக் குனிந்தார். தட்டில் துளையின் விளிம்பு சிவந்து, மெதுவாக அகலமாகிக்கொண்டே போனது.