டைல்ஸ் போடாத மாடி

நிர்மலாதேவி டீச்சருக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஏரியூர் பக்கத்து அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு அவருடையது. பெயரைக் கேட்டால்கூடப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிறார்களே என்ற ஆற்றாமை அவருக்கு வெகுநாளாக உண்டு. தான் யார் என்று நிமிர்ந்து சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கையும் அறிவியலையும் ஊட்டி என்ன பயன்? இந்த வருஷம் வகுப்பின் ஒரு சுவரையே அதற்கென்று ஒதுக்கி, ‘இது நான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். முதல் வேலையாக, அவரவர் வீட்டை வரைந்து வந்து, எல்லோர் முன்னாலும் நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும்.

படங்கள் வந்தன. ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, பின்னால் இரண்டு மலை, நடுவே சூரியன். யாரைப் பார்த்து யார் வரைந்தது என்றே தெரியாது. பிள்ளைகள் வாயைத் திறந்தார்களே, அதுவே டீச்சருக்குப் போதுமாக இருந்தது.

பிளசியின் படம் மட்டும் வேறாக இருந்தது. ஜூனில் புதிதாகச் சேர்ந்தவள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. இவள் இங்கே அத்தை ஜெயராணி வீட்டில். தாளின் அடியிலிருந்து மேல் நுனி வரைக்கும் ஒரே கட்டடம், மாடிக்கு மேல் மாடி.

“இது எங்க வூடுங்க டீச்சர். எல்லா மாடியிலயும் நாங்க இருந்தோம்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “அளந்து வுடறா டீச்சர்!” என்று மாதவராஜ் பெஞ்சைத் தட்டினான். பிளசியின் முகம் சுண்டிப்போயிற்று. கேலியிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு டீச்சர் கனிவாகத்தான் சொன்னார்: “ஆசப்படற வூடு வேற, இருக்கற வூடு வேற கண்ணு. நெஜமான வூட்ட வரைஞ்சு எடுத்துட்டு வா.” கனிவாகச் சொல்லிவிட்டால் தப்பு தப்பில்லாமல் போய்விடுமா என்ன?

மறுநாள் பிளசியும் ஓட்டு வீடு, தென்னை, மலை, சூரியன் வரைந்து கொடுத்தாள். அதுவும் சுவரில் ஏறியது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினாள்.

வியாழக்கிழமை ஜெயராணி வந்து நின்றாள்.

“டி.சி. குடுத்துடுங்க டீச்சர். ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வந்து புள்ளைய பெங்களூருக்கே கூட்டிட்டுப் போறேங்குது.”

“ஏம்மா, என்னாச்சு?”

“டீச்சரே பொய்க்காரின்னுட்டாங்கன்னு சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. அவ எங்கங்க பொய் சொன்னா? கட்டிட்டிருக்கற பில்டிங்லதான் அவங்க குடித்தனம். டைல்ஸ் போட ஆள் வந்துட்டா, சாமானத் தூக்கிட்டு மேல் மாடிக்குப் போயிடணும். அப்படியே உச்சி வரைக்கும் போனாங்க. வேல முடிஞ்சதும் எறக்கி வுட்டுட்டாங்க. அந்தப் புள்ளைக்கு நெனவு தெரிஞ்ச வூடே அதுதானுங்க.”

நிமிர்ந்து நின்று பேசிய பிள்ளையைக் குனிய வைத்தது அவரேதான். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் அனுப்பி வைங்கம்மா” என்று கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மறைக்காமல் சொன்னார். “பிளசி சொன்னது அத்தனையும் நெஜம். அவங்கப்பா அம்மா கட்டின வூடு அது. தெரியாம பேசினது நான்தான். மன்னிச்சுக்கம்மா பிளசி. அந்தப் படத்த எடுத்துட்டு வர்றியா? சுவத்துல ஒட்டலாம்.”

“வேணாங்க டீச்சர்” என்றாள் பிளசி. “அங்க இப்ப வேற யாரோ இருக்கறாங்க.”

அப்போது மாதவராஜ் எழுந்தான்.

“என்னோட படத்தையும் எடுத்துடுங்க டீச்சர்.”

“ஏண்டா?”

“ஓட்டு வூடெல்லாம் எங்களுக்கு இல்லீங்க. ஓசூர்ல தகரக் கொட்டாயிலதான் இருந்தோம். சொன்னா சிரிப்பாங்கன்னு இத வரைஞ்சேன்.”

“நானு செங்கல் சூளையில, டீச்சர்” என்றாள் சசிகலா. பின்னாலிருந்து இன்னொரு கை எழுந்தது, அப்புறம் இன்னொன்று. டீச்சர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா வெளியூரில் என்பது அவருக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்தத் தென்னைகளைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். மெய்யாக வந்த ஒரே படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

மாதவராஜ் பிளசியின் பக்கம் திரும்பினான். “அந்த பில்டிங்ல லிஃப்ட் இருந்துச்சா?”

“கடைசியாத்தான் வந்துச்சு” என்றாள் பிளசி. “நாங்க ஏறுனதில்ல. எங்கம்மா படியிலதான் மணல் தூக்கிட்டுப் போவும்.”

யாரும் சிரிக்கவில்லை. பிளசி எழுந்து நின்று, டீச்சரை நேராகப் பார்த்தாள்.

“பெரிய தாளா ஒண்ணு குடுங்க டீச்சர். திங்கக்கெழம வரைஞ்சு எடுத்துட்டு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா வரப்போவது அந்த வகுப்பில் டீச்சருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.