கெளுத்திச் சாறு

வெறும் தூண்டில் முள்ளைத்தான் பாஞ்சாலி வெள்ளத்தில் வீசினாள். புழு கோப்பவள்போல் நஞ்சப்பனுக்கு முதுகைக் காட்டி நின்று, விரல்களை மட்டும் அசைத்துவிட்டுத் தூண்டிலை எறிந்தாள். கார்த்திகைக் குளிரில் அந்த விரல்களும் விறைத்துப்போயிருந்தன. காவிரி செக்கச்செவேலென்று கரைபுரண்டு, வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. ஒகேனக்கல் பரிசல்காரர்கள்கூடப் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கியிருந்தார்கள்.

"மீன் ஆப்டுமா அண்ணி?" என்றான் கொழுந்தன் நஞ்சப்பன். அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவன் கையில் இருந்தது. கரை எந்த நேரமும் சரியலாம்.

"பாக்கலாம்."

வீட்டில் அவள் புருஷன் சென்னப்பன் சாகக் கிடந்தான். மேட்டூருக்கு அணை வேலைக்குப் போனவன் மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்தான். கொய்னா மருந்தும் கேட்கவில்லை, கோயில் திருநீறும் கேட்கவில்லை. உயிர் போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. அவன் அக்காள் ராமக்கா பால் ஊற்றிப் பார்த்தாள். மண்ணாசையோ என்று காட்டு மண்ணைக் கரைத்து ஊற்றினாள். பொன்னாசையோ என்று பாஞ்சாலியின் தாலிக்குண்டையே உரசி ஊற்றினாள். எல்லாம் கடைவாயில் வழிந்தது.

இன்று காலையில் அவன் உதடு அசைந்தது. "கெளுத்தி" என்றான்.

ராமக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, இதுக்கா உசுர வெச்சிக்கிட்டுக் கெடக்கற! பாஞ்சாலி, போயி ஒண்ணு புடிச்சிக்கிட்டு வாம்மா. நாக்குல ரெண்டு சொட்டு சாறு பட்டா நிம்மதியாப் போயிருவான்."

பாஞ்சாலி ஆற்றோரத்தில் பிறந்தவள். தூண்டில் போட்டால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள் என்று ஊருக்கே தெரியும். பெண் பார்க்க வந்த அன்று சென்னப்பன் அவள் பிடித்துக் குழம்பு வைத்த கெளுத்தியை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, பெண்ணை நிமிர்ந்தே பார்க்காமல் சம்மதம் சொல்லிவிட்டுப் போனவன். அப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கடைசி ஆசை வேறு என்னவாக இருக்கும்?

மீன் கிடைத்தால் அவன் போய்விடுவான். கிடைக்காதவரை இருப்பான். பாஞ்சாலிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும், வெறும் முள்ளைக் கடிக்கிற கூறுகெட்ட மீன் ஒன்று இருந்து தொலைத்தால்? தான் இங்கே நிற்கையிலேயே அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? மேட்டில் யார் தலை தெரிந்தாலும் சேதி சொல்ல வருகிறார்களோ என்று திக்கென்றது. ஆடு ஓட்டிப் போனவனைப் பார்த்தும் பயந்தாள், விறகு சுமந்து போனவளைப் பார்த்தும் பயந்தாள்.

பொழுது இறங்கத் தொடங்கியது. நஞ்சப்பனுக்குப் பல் தந்தியடித்தது. "கொஞ்சம் உக்காருங்க அண்ணி, நான் போடறேன்" என்று கழியை வாங்கித் தூண்டில் நூலை இழுத்தான். முள் வெறுமையாக ஆடியது.

"தண்ணி இழுப்புல கழண்டிருக்கும்" என்றாள்.

அவன் கரையில் இருந்த கொட்டாங்குச்சியைப் பார்த்தான். காலையில் தோண்டி வைத்த புழுக்கள் அப்படியே நெளிந்துகொண்டிருந்தன. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

"நேத்து அண்ணன் என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு அண்ணி. முடியலடா, என்ன அனுப்பி வுட்டுருங்கடான்னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

பாஞ்சாலி உடைந்து அழுதாள். அழுதுகொண்டே ஒரு புழுவை எடுத்து முள்ளில் கோத்தாள். இழுப்பை விட்டு விலகி, புங்கமரத்தடியில் தண்ணீர் சுழன்று அடங்கும் மடுவுக்குப் போனாள். வெள்ளத்தில் கெளுத்தி அங்கேதான் ஒதுங்கும் என்பது அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும். போட்ட சுருக்கில் தக்கை முங்கியது. முள்ளிலிருந்து கழற்றும்போது மீன் அவள் உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்தது. அவள் கையை உதறக்கூட இல்லை.

ஓட்டமும் நடையுமாக வந்தவர்கள் வேலிப் படலருகே நின்று காது கொடுத்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. மூச்சின் இழுப்பு மட்டும் வாசல்வரை கேட்டது. ராமக்கா அடுப்பை மூட்டி வைத்திருந்தாள்.

மிளகும் புளியும் கரைத்துக் கொதித்த சாற்றைப் பாஞ்சாலி கிண்ணத்தில் ஊற்றி ஆற்றினாள். அவன் தலையை மடியில் வைத்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். மூன்று பேரும் அவன் தொண்டைக்குழியையே பார்த்தார்கள். அது ஏறி இறங்கியது. இன்னொரு சொட்டு. அதுவும் இறங்கியது. தின்கிறவன் பிழைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவளுக்கு ஒரு ஆசை எழுந்தது.

சென்னப்பன் கண்ணைத் திறந்தான். "உப்புப் பத்தல" என்றான்.

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராமக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாகப் போறவன் பேசற பேச்சா இது!"

"இருங்க, இதோ கொண்டாறேன்" என்று அவன் தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டுப் பாஞ்சாலி அடுப்படிக்கு ஓடினாள். உப்புச் சட்டிக்குள் விட்ட கை சுரீரென்று எரிந்தது. நாலு கல்லை அள்ளிக்கொண்டு வந்தாள்.

வாசல்வரை கேட்ட இழுப்பு நின்றிருந்தது. ராமக்கா தம்பியின் தாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

பாஞ்சாலி கிண்ணத்தருகே உட்கார்ந்து உப்பைப் போட்டாள். கல் கரையும்வரை விரலால் கலக்கினாள். பிறகு ஒரு சொட்டை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.