மூன்றாம் மாடியில் பதினான்கு அப்பாக்கள்

திரையில் பதினேழு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான்.

"அக்கா, வலி வந்துடுச்சு. உன் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டோம். வாசல்ல நிக்கிறோம்."

டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பிள்ளைக்கும் அப்பனைப் போலவே அவசரம். எங்கள் வீட்டில் தம்பியை ‘பொறுமைசாலி’ என்றுதான் கூப்பிடுவோம். பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்துவிடுகிற ஆள். உடனே மேலே ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் கை வைத்த வேலையைப் பாதியில் விட முடியாது.

இந்த மகப்பேறு ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் என் பொறுப்பு. வைஃபைக்குள் யாரை விடலாம் என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிற கேட்வே பெட்டிக்கு அன்று அப்டேட். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது என்று மேனேஜர் குறித்துக் கொடுத்த நேரம். கீழ்த்தளத்து அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சதவீதம் ஏறுவதைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ அறைகள் இருக்கும் மூன்றாம் மாடியில் போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. வெளியே காத்திருப்பவர்களுக்கு வைஃபைதான் கதி. பெட்டியோடு வந்த லாகின் பக்கம் சாம்பல் நிறத்தில், பெயரைச் சொல், பாஸ்வேர்டைச் சொல் என்று விசாரணை செய்யும். பிள்ளை பிறக்கக் காத்திருப்பவரிடம் இப்படியா கேட்பது என்று எரிச்சல் வந்து, இரண்டு வருடம் முன்பு நானே ஒரு பக்கம் செய்தேன். மஞ்சள் நிறம். மேலே ‘நீங்க யாரு?’ என்று ஒரே கேள்வி. கீழே மாமா, சித்தி, தாத்தா, பெரியப்பா என்று பதினோரு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் போதும், ஒரு வரவேற்பு வரும், வைஃபையும் வரும். ‘வாங்க மாமா, வெறுங்கையோடயா வந்தீங்க?’ என்பது என் கைவண்ணம்.

அப்பாவுக்கான வரியை மட்டும் தம்பி எழுதினான். "நகருக்கா, இது நான்" என்று என் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டான். ‘வாங்க அப்பா. முதல்ல உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்.’ அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. தட்டி முடித்துக் கை கழுவப் போனவன் திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று.

அப்டேட் போட்டால் பெட்டி நம் பக்கங்களை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். நூறு சதவீதம் ஆனதும் பழைய பக்கத்தை என் போனில் மட்டும் திறந்து சோதித்தேன். மஞ்சள் அப்படியே வந்தது. பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்டேட் ஆன பெட்டி எதிர்பார்க்கும் ஏதோ ஒன்று என் பழைய பக்கத்தில் இல்லை.

அதற்குள் நர்ஸ் மேசைப் போனிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அவள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்குச் சொல்லலாம்னா வைஃபை பாஸ்வேர்டு கேக்குது. நம்ம மஞ்சப் பக்கம் எங்க?"

"அப்டேட் போட்டேன்டா."

"நான் எழுதுனது போயிடுச்சா?"

அவன் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. "பத்து நிமிஷம் இரு" என்று வைத்துவிட்டேன்.

பின்னால் நின்ற மேனேஜர், "அந்தச் சாம்பல் பக்கத்தையே விட்டுடலாமேம்மா. ஒழுங்கா வேலை செய்யுதுல்ல?" என்றார். நான் வேலையைத் தலைகீழாகப் பிடித்தேன். பழையதை அப்படியே பெட்டிக்குள் திணிப்பதை விட்டு, அந்தச் சாம்பல் பக்கத்தையே எடுத்து அதற்குள் என் மஞ்சளையும் வரிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற ஆரம்பித்தேன். பதினோரு பொத்தான்களுக்கும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடியில் இருப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள். முதலில் ஒரே ஒரு பொத்தானை மாற்றினேன். அப்பா. அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தது. அதை மட்டும் வைத்துப் பக்கத்தைத் திறந்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் ரிசப்ஷனிலிருந்து போன்.

"மேடம், மூணாவது மாடில எல்லாரும் அப்பா ஆயிட்டாங்க."

"என்னது?"

"ஒரு பட்டன்தானே இருக்கு. ஒரு மாமியாரம்மா அதை அழுத்திட்டு, இந்த வயசுல எனக்கு இது தேவையான்னு கேட்டு ஒரே சிரிப்பு."

வைஃபைக்குள் வந்தவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பிரசவ அறைகள் மூன்று, அப்பாக்கள் பதினான்கு. எட்டிப் பார்த்த மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்த முதல் நாள் அது. எனக்குச் சிரிப்பில் கண்ணே கலங்கிவிட்டது. சிரிப்பால் மட்டும் என்று சொல்ல முடியாது.

சித்தி, மாமா, தாத்தா என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். அத்தையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அதை இதுவரை சோதனைக்காகத்தான் எத்தனையோ தடவை அழுத்தியிருக்கிறேன். இன்று அழுத்தாமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

மூன்றாம் மாடிக் கூடத்தில் கல்யாண வீடு மாதிரி சத்தம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் "வாங்கப்பா", "நீங்க உக்காருங்கப்பா" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில், பெஞ்சில், என் தம்பி உட்கார்ந்திருந்தான். உண்மையாகவே உட்கார்ந்திருந்தான். கையில் காகிதக் கோப்பை.

"இது அஞ்சாவதுக்கா" என்றான். "குடிக்கச் சொல்லுதே."

"எழுதுனது நீதானடா."

"அதான் பேச்சத் தட்ட முடியல."

அவன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, "இங்க அப்பா யாரு?" என்று கேட்டார்.

பெஞ்சு முழுக்கக் கைகள் உயர்ந்தன. மாமியாரம்மாவின் கைதான் எல்லாவற்றிலும் உயரம். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் என் தம்பி எழுந்து நின்றான். பிறகு மெதுவாக, காலிக் கோப்பையைத் தலைக்கு மேல் உயர்த்தினான்.