கூரையில் ஒட்டிக்கொண்ட சாசனம்

அடி அண்ணாமலை சிறுகடைக்காரர் சங்கக் கொட்டகையில் இந்திய அரசியல் சாசனம் மூன்று வருஷமாகக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இளநீர்க் கடை இராமலிங்கம் சங்கத் தலைவரான புதிதில் திருவண்ணாமலை புத்தகக் கண்காட்சியில் அதை வாங்கி வந்தார். நம் ஊர்க்காரர்களுக்குக் கல்லைக் கண்டாலே சூடம் ஏற்றத் தோன்றும். இவ்வளவு பெரிய புத்தகத்தைச் சும்மா விடுவார்களா? குடியரசு தினத்தன்று சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, தீபாராதனை காட்டினார்கள். முதல் வருஷம் புத்தகத்தின் எடை குறைந்தது. அடுத்த வருஷம் மாலையையும் தூக்கிக்கொண்டு மேலே போய் சிமெண்ட் ஷீட்டில் ஒட்டிக்கொண்டது. யாரும் பதறவில்லை. இராமலிங்கம் கீழே ஒரு கோலம் போடச் சொன்னார். ரமணாசிரமம் பக்கமிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் அதன் நேர் கீழே கண்மூடி உட்கார்ந்து, முதுகுவலி போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். திறந்து படிக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை; மற்றவர்கள் படித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

இட்லிக் கடை தனத்துக்கு அப்போது வேறு கவலை. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் யார் எங்கே கடை போடுவது என்று பொங்கல் கழிந்ததும் சங்கத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டில் குடும்பத்து ஆண்பிள்ளையின் பேரைத்தான் எழுதுவது வழக்கம். தனத்தின் புருஷன் சுப்பன் காமாலையில் செத்த பிறகும் வழக்கம் மாறாமல் அவன் பேரையே எழுதிப் போட்டார்கள். செத்தவனுக்கு யோகம், கோயில் வாசலுக்கு எதிரிலேயே இடம் விழுந்தது. அதில் அவன் தம்பி கடை போட்டான். தனத்தையும் அவள் இட்லிக் குண்டானையும் வெளிச்சம் இல்லாத புளியமரத்து வளைவுக்கு அனுப்பினார்கள். அங்கே நடக்கிற ஜனம் பாதையைப் பார்த்து நடக்கவே சரியாக இருக்கும், இட்லியை எங்கே பார்ப்பது? இரண்டு பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அந்த வியாபாரத்தை நம்பித்தான் இருந்தது. அடுத்த குலுக்கலுக்கு அவள் ஏணியோடு வந்தாள்.

"இறங்கும்மா. சாமி மாதிரி வச்சிருக்கோம், மாவுக் கையோட தொடாத," என்றார் இராமலிங்கம்.

"சாமியக் கூட குளிப்பாட்டி துணி மாத்தறாங்க. இத ஒரு தபாகூட திறக்கலியே. எனக்கு என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுக் குடுத்துடறேன்."

மாலையைப் பிடித்து இழுத்தாள். பலூன்போல் திமிறிய புத்தகத்தை மடியில் அமுக்கிக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்து புரட்டினாள். பதினைந்தாம் பிரிவு கிடைத்தது. கடைக்கோ பொது ரோட்டுக்கோ வருவதில் ஆண், பெண் என்ற பேதம் கூடாது என்று உரக்கப் படித்தாள். அது கடைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னது, கடை போடுகிறவர்களுக்கு இல்லை என்றார் இராமலிங்கம். "அப்ப நான் ரோட்டுக்கு வரலீங்களா?" என்றாள் தனம். கொட்டகை இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் புரட்டச் சொன்னார்கள், பாதிப் பேர் மூடச் சொன்னார்கள். கத்தக் கத்தப் புத்தகம் கனத்தது. அவளை ஏணியிலிருந்து கீழே இறக்கியதே அந்தக் கனம்தான். இராமலிங்கம் தன் விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாக மறுப்பைத் தேடியபோது, அது அரிசி மூட்டையின் கனம் கனத்து மேசையை முனக வைத்தது. மறுப்பு கிடைக்கவில்லை. சாயங்காலம் தனத்தின் பேர் சீட்டில் ஏறியது, நல்ல இடமும் விழுந்தது. வீட்டுக்குப் போய் சந்தோஷத்தில் அழுதாள்.

பிறகு வந்த வருஷங்களில் புத்தகத்துக்கு ஓய்வில்லை. குடிதண்ணீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் அதைப் புரட்டினார்கள். டீ கிளாஸ் வட்டம், மஞ்சள் கறை, கோபத்தில் போட்ட அடிக்கோடு எல்லாம் ஏறியது. அட்டை பிய்ந்தால் வேறு அட்டை ஒட்டினார்கள். டில்லியில் ஒரு திருத்தம் நிறைவேறினால் கொட்டகைப் புத்தகத்தில் புது ஏடு முருங்கைத் துளிர்போல் ஈரமாக முளைத்தது. நீக்கிய வரிகள் மேசையில் உதிர்ந்தன, காலையில் கூட்டி அள்ளினார்கள். தோற்றவர்கள்கூட அதைக் கிழிக்கவில்லை. அடுத்த தடவை ஜெயிக்க அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது.

தனம் சங்கத் தலைவியானாள். போளூர்ப் பக்கமிருந்து குடிவந்த ரேவதி என்ற பெண் இட்லிக் கடைக்கு இடம் கேட்டாள். இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் சீட்டு என்றாள் தனம். அதுவும் பழைய வழக்கம்தான். ஆனால் ரேவதியின் இட்லி மல்லிப்பூ மாதிரி இருக்கிறது என்று ஊர் பேசியதில் தன் வியாபாரம் படுத்துவிடுமோ என்று பயந்திருந்தாள். ரேவதி பதினைந்தாம் பிரிவைத் திறந்து, தனம் அன்று ஆண், பெண்ணோடு நிறுத்திய வரியை முழுசாகப் படித்தாள். அடுத்து இருந்தது பிறந்த இடம். தனம் மூடப் பார்த்தாள். அட்டை ஆட்டுக்கல்லாகக் கனத்தது. அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, பிறகு அவளே ரேவதியின் பேரை எழுதிப் போட்டாள். இடம் தனத்தின் கடையை ஒட்டியே விழுந்தது.

இப்போது குடியரசு தினத்துக்கு மாலை கிடையாது, டீயும் மிக்சரும்தான். வியாபாரம் நன்றாக நடந்து சண்டை கம்மியான மாதங்களில் புத்தகம் மேசையை விட்டு லேசாக எழும்பும். இந்த ஜனவரியில் ஒரு ஜாண் எழும்பிவிட்டது.

"யாருக்காவது குறை இருந்தா சொல்லுங்கப்பா, புத்தகம் மேல போவுது," என்றாள் தனம்.

எல்லோரும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எனக்கு இருக்குக்கா," என்றாள் ரேவதி. "உங்க அடுப்புப் புகை முழுக்க என் கடைக்குத்தான் வருது."

தனம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். புத்தகம் மேசைமேல் உட்கார்ந்தது. ஆளுக்கொரு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.